தட்டைக் கழுவிய குடிகாரன்

நான் இதுவரை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. இதை நான் சொன்னால் என் மனைவி வீட்டில் பாதிப்பேர் சிரிப்பார்கள். மீதிப்பேர் நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்திருப்பார்கள். (சபையில் நற்கருணைக்குக் கொடுக்கும் திராட்சைரசம் கணக்கில் சேராது. பாஸ்டரிடமே கேட்டு வைத்திருக்கிறேன்.)

குடிக்காதவன் என்பதால் குடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். குடிப்பதற்கும் குடிகாரனுக்கும் ஆங்கிலத்தில் எத்தனை கொச்சைச் சொற்கள் உண்டோ, அவற்றில் முக்கால்வாசியின் பிறப்பு, வளர்ப்பு, பூர்வீகம் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு காலத்தில் அதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்புதான் என் கல்யாணத்துக்கே குழி தோண்டப் பார்த்தது.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீசில் இருந்தேன். பகலில் ரூம் சாவி கொடுப்பது, சுடுதண்ணி வரவில்லை என்று போன் வந்தால் 'இதோ வருதுங்க' என்பது. சாயங்காலம் ஆனால் கேம்ப் ஃபயருக்கு மைக் பிடிப்பது. இங்கே எந்த ஓட்டலுக்குப் போனாலும் இது உண்டு. நாலு யூகலிப்டஸ் கட்டையைக் கொளுத்தி, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கீழேயிருந்து வந்தவர்களை மங்கி குல்லாவோடு உட்கார வைத்து அந்தாக்ஷரி நடத்துவோம். அது எனக்கே சலித்துவிட்டது. கெஸ்ட்டுக்குச் சலிக்காதா?

"ஏலே அருளு, போரடிக்குதுன்னு ரிவ்யூ போடுறாய்ங்க. புதுசா எதாச்சும் செய்யி" என்றார் மேனேஜர்.

போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அகப்பட்டதுதான் அந்தச் சொற்கள். படிக்கப் படிக்க ருசி தட்டியது. 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்றால் முழுப்போதை. ஷீட் என்றால் படுக்கை விரிப்பு என்றுதான் நானும் நினைத்தேன். கப்பல்காரர்கள் பாஷையில் அது பாயை இழுத்துக் கட்டும் கயிறாம். மூன்று கயிறும் அவிழ்ந்துபோனால் பாய் படபடவென்று அடித்து, கப்பல் நேராகப் போகாமல் தள்ளாடுமாம். 'டச்சு கரேஜ்' என்றால் குடித்துவிட்டு வரும் வீரம். இங்கிலீஷ்காரனுக்கும் டச்சுக்காரனுக்கும் சண்டை நடந்த காலத்தில், எதிராளியின் துணிச்சலை 'அவனுடையதல்ல, ஜின்னுடையது' என்று இவன் கட்டிவிட்ட கதை. 'ஹேர் ஆஃப் த டாக்' என்றால் முந்தின நாள் தலைவலிக்கு மறுநாள் காலையில் போடும் ஒரு மடக்கு. நாய் கடித்தால் கடித்த நாயின் முடியையே எடுத்துக் காயத்தில் வைக்கும் பழைய வைத்தியத்திலிருந்து வந்ததாம். 'ஆன் த வேகன்' என்றால் குடியை விட்டவன். அமெரிக்காவில் தெருப் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் வண்டி போகும். குடிப்பதைவிட அந்த வண்டித் தண்ணீரே மேல் என்று எவனோ சபதம் போட்டிருக்கிறான். (நம்மூரில் தண்ணி வண்டி என்றால் நேர் எதிர். அதைச் சொன்னால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.)

நான் சும்மா சொல்வதில்லை. நடித்துக் காட்டுவேன். கையில் கண்ணாடி டம்ளர், உள்ளே சீனி போட்ட கடுங்காப்பி. அது மேனேஜர் யோசனை. நெருப்பு வெளிச்சத்தில் ரம் மாதிரியே இருக்கும். ஒரு சொல்லுக்கு ஒரு மடக்கு. ஆறேழு சொல் முடிவதற்குள் கால் பின்னி, நாக்குக் குழறி, கப்பல் மாதிரி ஆடிக்கொண்டே வந்து ஒரு நாற்காலியில் விழுவேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். "கெஸ்ட் கேட்டா குடிக்க மாட்டேன்னு மட்டும் சொல்லிராதடா. மூடு போயிரும்." எனக்கும் அது வசதியாக இருந்தது. இத்தனை பேசிவிட்டுக் 'காப்பிதாங்க' என்றால் என் கெத்து என்னாவது? அதனால் யாராவது கேட்டால், மற்ற கெஸ்ட் சொன்ன கதைகளையே என் கதையாக அவிழ்த்துவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இந்தச் சமயத்தில்தான் மெர்சி வந்தாள். அட்டுவம்பட்டியில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். இரண்டாவது வீட்டிலேயே திரும்பி, "நீங்க வாய மட்டும் அசைங்க, போதும்" என்றாள். அன்றைக்கே மனதைப் பறிகொடுத்துவிட்டேன். அவளுக்கும் என்மேல் பிரியம் வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. பேச்சு கல்யாணம்வரை வந்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"குடிக்கக் கூடாது. மத்ததெல்லாம் திருத்திக்கலாம். இது மட்டும் எனக்கு ஆகவே ஆகாது."

அவளுடைய அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியும். "அந்த விசயத்துல நான் சொக்கத் தங்கம்" என்றேன். பொய்யில்லை. கேம்ப் ஃபயரில் நான் ஆடும் கூத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது வேலைதானே?

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாகப் பேச்சு முடிந்தது. அதற்கு முந்தின வாரம் எங்கள் ஓட்டலுக்கு ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டிய ஆள், தனியாக. கையில் ஒரு மஞ்சப்பை. போட்டிருந்த ஸ்வெட்டரில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன தொழில் என்று கேட்டேன்.

"சென்னைல சோலிங்க. பிசினஸ்" என்றார்.

சென்னையில் எவன் சோலி பார்க்கிறான்? அது எங்கள் பக்கத்துச் சொல், அங்கே எல்லாரும் வேலைதான் பார்ப்பார்கள். அந்த ஒரு சொல்லிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஊரெல்லாம் சொல்லுக்குப் பூர்வீகம் சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு இது உறைக்கவில்லை.

மலையில் மாப்பிள்ளை விசாரிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். டீக்கடையில் கேட்பார்கள், முடிவெட்டும் கடையில் கேட்பார்கள், சபையில் கேட்பார்கள். கேட்கும் இடத்திலெல்லாம் 'தங்கமான பையன்' என்றுதான் பதில் வரும். நடக்க இருக்கிற கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று எல்லாருக்கும் ஒரு பயம். மெர்சியின் பெரியப்பா இந்த விசாரிப்பை அடியோடு நம்பாதவர். வத்தலக்குண்டில் பம்புசெட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார், அதுவரை நான் அவரைப் பார்த்தது கிடையாது. தானே நேரில் வந்து கண்ணால் பார்த்துவிடுவது என்று மலை ஏறிவிட்டார். மஞ்சப்பை மனிதர் அவர்தான். அதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அன்றைக்கென்று பார்த்து நான் பிரமாதமாகச் செய்தேன். கப்பல் ஆட்டம் ஆடிக்கொண்டே வந்து, அவர் காலடியிலேயே போய் விழுந்தேன். மற்றவர்கள் பாட்டுப் போட்டு ஆட எழுந்ததும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் பீர் பாட்டில். அதை மண்ணெண்ணெய் பாட்டில் மாதிரி தள்ளிப் பிடித்திருந்தார். பழுத்த குடிகாரர் போலிருக்கிறது, இப்போதே கை நிதானத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அனுபவிச்சுச் சொல்றீங்க தம்பி. பழக்கம் உண்டுங்களோ?"

"இந்தக் குளிர்ல அது இல்லாம எப்படிங்க?"

"தெனமுமா?"

"தெனமுந்தான்." டம்ளரைத் தூக்கிக் காட்டிக் கண்ணடித்தேன். (அந்தக் கண்ணை இப்போது நினைத்தாலும் குத்திக்கொள்ளலாம் போலிருக்கும்.)

"வீட்ல அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சாத்தானே? சத்தமில்லாம உள்ள போவேன். போட்டு வச்ச சோத்தைச் சாப்புடுவேன். தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிட்டு, ஜெபம் பண்ணிட்டுப் படுத்துருவேன்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம்."

"அதுக்கப்பறமாச்சும் விட்ருவீங்களா?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் சும்மா இருந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டச்சு கரேஜ் இல்லாம பொண்ணு பாக்கவே போக முடியாதுங்களே!" சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. "பொகைங்க" என்றார். யூகலிப்டஸ் புகை அப்படித்தான், கரிக்கும். நானும் நம்பினேன். அவர் எழுந்து போகும்போது, காலையில் தலைவலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாய் முடி வைத்தியத்தையும் இலவசமாகச் சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "பாவம்மா, இன்னைக்கு ஒரு பெரியவரு. வயசான காலத்துல தனியா வந்து குடிச்சிட்டு அழுவுறாரு" என்றேன். அம்மா அவருக்காக ஜெபம் பண்ணினாள். நானும் ஆமென் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நானும் அம்மாவும் அட்டுவம்பட்டிக்குப் போனோம். கேட்டைத் திறந்து உள்ளே போனால், நடு நாற்காலியில் மஞ்சப்பைக்காரர். இந்தத் தடவை வெள்ளை வேட்டி சட்டை.

எனக்குச் சகலமும் அடங்கிவிட்டது. அப்போதும் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். 'ஐயோ, மெர்சி வீட்டில் இன்னொரு குடிகாரரா' என்றுதான் முதலில் தோன்றியது. அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.

அவர் எங்களை உட்காரச் சொன்னார். காப்பி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"தாயீ" என்றார் அம்மாவைப் பார்த்து. "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்தச் சம்பந்தம் வேணாங்க. பெத்தவுகளுக்குத் தெரியணுமேன்னுதான் வரச் சொன்னேன். உங்க மகன் தெனமும் குடிக்கிறாரு."

அம்மா எழுந்துவிட்டாள். "யாரப் பாத்துங்க சொல்றீங்க? எம்புள்ள இருமல் டானிக்கையே மூக்கப் பொத்திக்கிட்டுக் குடிக்கிறவன்!"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன். கையில கிளாசு. ஆடிக்கிட்டே வந்து என் காலடியில விழுந்தாரு. பொண்ணு பாக்கவே போட்டுட்டுத்தான் வருவேன்னு என்கிட்டயே சொன்னாரு."

அம்மா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள். எல்லார் முன்னாலும்! சமையலறை வாசலில் மெர்சி காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்று திரும்பவும் நடக்கிறது என்ற மாதிரி இருந்தது அந்த முகம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவள் போய்விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை என்று அந்த நொடியில் தெரிந்தது.

பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு அடைக்கும். எனக்குப் பிய்த்துக்கொள்ளும். "நீங்க மட்டும் என்னங்கய்யா? அன்னைக்குக் கையில பீர் பாட்டில் வச்சிருந்தீங்கள்ல?" என்றேன்.

வீடு அப்படியே பெரியப்பா பக்கம் திரும்பியது. மூலையில் இருந்த பெரியம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு மெல்ல எழுந்தார்.

"ஏங்க, சபைக் கன்வென்சன் கூட்டத்துக்குப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போனீக?"

"ஏ, இருடி! நான் குடிக்கலடி! சும்மா பிடிச்சிருந்தேன். சந்தேகம் வரக் கூடாதுல்ல? அம்புட்டையும் பூச்செடிக்கு ஊத்திட்டேன்!"

"என்னதும் கடுங்காப்பிங்க! சீனி போட்ட கடுங்காப்பி!" என்றேன் நான்.

"பூச்செடிக்கு ஊத்துனீகளாக்கும்" என்றார் பெரியம்மா. "காப்பியாம்ல காப்பி" என்றார் பெரியப்பா. அவர் பேச்சைப் பெரியம்மா நம்பவில்லை, என் பேச்சை யாருமே நம்பவில்லை. ஆயுசில் குடித்தறியாத இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் குடிகாரன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றோம். தப்பித்துக்கொள்ள ஒரு சாட்சி கிடையாது. பூச்செடியா வந்து சொல்லும்?

பெரியப்பாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "குடிக்காதவன் இப்படியா சொல்லுவான்? இந்தா கேளுங்க, இவரு வாயால சொன்னது. அம்மாவுக்குத் தெரியாம உள்ள போவாராம். சோத்தைச் சாப்புடுவாராம். தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிட்டு, ஜெபம் பண்ணிட்டுப் படுப்பாராம்!"

"என்ன பண்ணுவாராம்?" என்று கேட்டது ஒரு குரல். மெர்சியின் அம்மா. அதுவரை சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தவர்.

"தட்டைக் கழுவி வப்பாராம்" என்றார் பெரியப்பா.

மெர்சியின் அம்மா மெர்சியைப் பார்த்தார். மெர்சி அவரைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்.

"மச்சான், உங்க தம்பிகூட இத்தன வருசம் குடும்பம் நடத்துனேனே. குடிச்சிட்டு வந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, தட்டத் தூக்கி அங்கிட்டு வச்சிருப்பாரா அந்த மனுசன்? சுவத்துல எறிவாரு. நாந்தான் சோத்தைப் பொறுக்குவேன். குடிச்சவன் தட்டைக் கழுவுவானா? கழுவிக் கவுத்து வேற வப்பானா? இந்தப் புள்ளைக்குக் குடின்னா என்னன்னே தெரியாது மச்சான்."

என் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "சாப்புட்ட தட்ட அவனவன்தான் கழுவணும்னு சின்னதுலேருந்தே பழக்கிருக்கேன்" என்றாள் பெருமையாக. பொய் சொல்லும்போதுகூட என்னால் அந்த எச்சில் தட்டை அப்படியே விட்டுவிட முடியவில்லை, அதுதான் விஷயம். கதையெல்லாம் கெஸ்ட்டுகளிடம் கடன் வாங்கியது. தட்டு மட்டும் எங்கள் வீட்டுத் தட்டு.

பெரியப்பா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "என் தம்பிக்கு நாந்தான் தாயீ சாட்சி சொன்னேன்" என்றார் என் அம்மாவிடம். "இந்தா நிக்குதே தம்பி பொஞ்சாதி, இதோட அப்பா வந்து கேட்டாரு. குடிக்க மாட்டான், தங்கமான பையன்னு சொல்லிக் கட்டி வச்சேன். கல்யாணம் ஆனா சரியாயிரும்னு நெனச்சேன். அதான் இந்தத் தடவ நானே போயி..." பெரியம்மா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு என் கெத்தெல்லாம் கரைந்து, பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நெருப்புப் பக்கத்தில் அந்த மனிதருக்குக் கண் கலங்கியது புகையால் அல்ல. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

காப்பி ஆறிப்போய் வந்தது. பிறகு என்னையும் மெர்சியையும் கொல்லைப்பக்கம் பேச அனுப்பினார்கள். சவ்சவ் பந்தலுக்குக் கீழே நின்றோம்.

"என்னமோ வார்த்தையெல்லாம் சொல்லுவீங்களாமே. எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நடிக்கவில்லை. கப்பல் கயிறைச் சொன்னேன், நாய் முடியைச் சொன்னேன். சுவரில் காரை பூசின மாதிரி என்று ஒரு சொல், காலே இல்லாதவன் என்று ஒரு சொல், எல்லாம் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்த இடத்திலெல்லாம் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கேட் சத்தம் கேட்டாப் போதும்" என்றாள் கடைசியில். "அம்மா அடுப்ப அணைப்பாங்க. நான் தட்டு, டம்ளரையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிருவேன், எறிய ஒண்ணும் கெடைக்கக் கூடாதுன்னு. இத்தன பேரு வச்சிருக்காங்களே குடிச்சவனுக்கு. கேட் சத்தத்துக்குக் காதை வச்சிக்கிட்டு உள்ள உக்காந்து கெடக்கிறவங்களுக்கு ஒரு பேருகூட வைக்கலையா உங்க இங்கிலீஷ்காரங்க?"

"தேடிப் பாக்குறேன்" என்றேன்.

தேடினேன். இன்றுவரை தேடுகிறேன், அகப்படவில்லை. இங்கிலீஷ்காரனை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? நம்மிடமும்தான் போதைக்கு வண்டி வண்டியாகச் சொல் கிடக்கிறது. எல்லாம் குடித்தவனும் அவனோடு குடித்தவனும் சேர்ந்து சிரித்து வைத்த பெயர். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களை அந்தச் சிரிப்புக்கு யாரும் கூப்பிடவில்லை. கேம்ப் ஃபயரில் அப்புறமும் கொஞ்ச நாள் மைக் பிடித்தேன். ஆனால் அந்தச் சொற்களைச் சொல்ல வாய் வரவில்லை. மறுபடியும் அந்தாக்ஷரிக்கே போனோம். மேனேஜருக்கு வருத்தம்தான்.

கல்யாணம் அந்த வைகாசியில் நடந்தது. அதற்குப் பிறகு நான் மாமியார் வீட்டில் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்து, பழக்க தோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தால் போதும், பெரியப்பா பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிடுவார். "ஏப்பா, மாப்ள இன்னைக்கு நல்லா ஏத்திட்டாரு போல, தட்டைக் கழுவப் போறாரு பாரு!" சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்து, "மாமா, எத்தனை தட்டு போதை?" என்று கேட்கின்றன. நானும் பதிலுக்கு, "நம்ம பூச்செடிக்குத் தாகமா இருக்காம் பெரியப்பா" என்பேன். பெரியம்மா இன்னும் அதை முழுசாக நம்பவில்லை.

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு இரும்பு கேட் உண்டு. எண்ணெய் விட்டாலும் அடங்காமல் கத்தும். சாயங்காலம் நான் வேலை முடிந்து அதைத் தள்ளும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று காது கொடுப்பேன். உள்ளே அடுப்பு எரிகிற சத்தம் நிற்காது. பாத்திரம் எதுவும் அவசரமாக நகராது. மெர்சி இருந்த இடத்தை விட்டு அசையாமலே குரல் கொடுப்பாள்.

"வந்தாச்சா? தொட்டியில தட்டு கெடக்கு, வெரசா கழுவுங்க!"